எண்ணத் தொடங்குவதற்கு முன் இருபது வினாடி

அம்மாடி,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்தாயிற்று. நாலாவதையும் கிழித்துவிடுவேன் என்று பயந்து, உன் அம்மா எழுதும் தாளையெல்லாம் அரிசி டின்னுக்குள் போட்டு மூடிவிட்டு, என் கையில் ஆறு தாள் மட்டும் கொடுத்திருக்கிறாள். எங்கே தொடங்குவது என்றே எனக்குத் தெரியவில்லை. பேக்டரியில் தொடங்கினால் உன் கம்ப்யூட்டருக்கு வந்து சேர நேரமாகிறது. கம்ப்யூட்டரில் தொடங்கினால் பாதியிலேயே எனக்குத் தலை சுற்றுகிறது. கல்யாணத்தில் தொடங்கினால் உனக்குக் கோபம் வரும். சரி, கோபத்திலேயே தொடங்கிவிடுகிறேன், அதுதான் ஏற்கெனவே இருக்கிறதே.

போன மாதம் நீ ஈப்போவிலிருந்து கல்யாணப் பத்திரிகைக் கட்டோடு வந்தாய். யார் யாருக்கு நேரில் போய் வைக்க வேண்டும் என்று மூன்று பேரும் மேசையில் உட்கார்ந்து பெயர் எழுதினோம். நீ எழுதிய முதல் பெயரே அந்தோணி சித்தப்பா, ஆரோக்கியம் சித்தி. "அவங்களுக்கு வேணாம்மா," என்றேன். ஏன் என்று கேட்டாய். தூரம் என்றேன். "திரிங்காப் தூரமாப்பா? நான் ஈப்போலேர்ந்து வரல லா?" என்று சிரித்தாய். விட்டுப்போன பழக்கம் என்றேன். அதற்கும் சிரித்தாய். கடைசியில், அவர்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள், கோயில் கல்யாணத்துக்கு எப்படிக் கூப்பிடுவது என்று ஒரு கேவலமான காரணத்தைச் சொன்னேன். அப்போது உன் சிரிப்பு நின்றுவிட்டது. "அம்மா கொழுந்து பறிக்கப் போன நாளெல்லாம் எனக்குச் சோறு ஊட்டித் தலை பின்னி விட்டது யாருப்பா? தீபாவளிக்கு அவங்க நம்ம வீட்டுலதானே சாப்பிட்டாங்க? உங்களுக்கு என்னதான் ஆச்சு?" என்றாய். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். மறுநாள் காலை நீ என்னிடம் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டாய். எனக்கு என்ன ஆச்சு என்ற உன் கேள்விக்குத்தான் இந்தக் கடிதம். சித்தப்பா உன் கல்யாணத்துக்கு வருவாரா மாட்டாரா என்பதைப் பற்றி எனக்குத் தெரிந்ததும் இதில்தான் இருக்கிறது.

அவர்கள் பக்கத்து லைன் வீட்டில் இருந்தபோது உனக்கு ஆறு வயது. உனக்கு ஆரோக்கியத்தின் மடியும் அவள் வைக்கும் நெத்திலிக் குழம்பும்தான் நினைவிருக்கும். நானும் அந்தோணியும் தேயிலை பேக்டரியில் என்ன செய்தோம் என்று தெரிந்திருக்க நியாயமில்லை. ஒரே அறையின் இரண்டு பக்கத்தில் எங்களுக்கு வேலை. வாடிய கொழுந்து ரோலரில் நசுங்கி, சல்லடையில் இறங்கி, என் பக்கத்துக்கு வரும். அதை நீளமான சிமெண்டு மேடையில் பரப்பி, பச்சை போய்ச் செம்பு நிறம் ஏறும்வரை வைத்திருக்க வேண்டும். நிறம் ஏறியதும் அந்தோணி அந்தப் பக்கத்திலிருந்து வந்து அள்ளி அடுப்புக்குள் விடுவான். சீக்கிரம் அள்ளினால் தேத்தண்ணி பச்சை வாடை அடிக்கும். தாமதித்தால் சப்பென்று போய்விடும். அதனால் ஒவ்வோர் ஈட்டுக்கும், அதாவது ஒரு தடவை பரப்பும் இலைக்கு, ஒரு தகர அட்டை உண்டு. எத்தனை மணிக்கு அடுப்புக்குப் போக வேண்டும் என்று கணக்குப் போட்டு, சாக்பீஸால் அட்டையில் எழுதி, மேடைக்கு மேலே ஓடும் கம்பியில் மாட்டுவது என் வேலை. அந்த மணி வந்ததும் அள்ளுவது அவன் வேலை. அள்ளும்போதே அட்டையைக் கழற்றி வாளித் தண்ணீரில் போட்டுவிடுவான், அடுத்த ஈட்டுக்கு எழுத்தெல்லாம் போய்ச் சுத்தமாக இருக்கும்.

இதில் சூட்சுமம் எங்கே என்றால், எப்போது எண்ணத் தொடங்குவது என்பதில்தான். இலை இறங்க ஆரம்பித்தவுடன் எண்ணிவிடக் கூடாது. கடைசி இலையும் இறங்கி, சல்லடை நின்று, மேடை முழுக்கப் பரப்பிய பிறகுதான் மணி பார்க்க வேண்டும். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு சும்மா நிற்க வேண்டும். எனக்கு அதுதான் வராது. நான் எப்படிப்பட்டவன் என்று உனக்குத் தெரியுமே. சோறு வேகுமுன் நாலு தடவை மூடியைத் திறந்து உன் அம்மாவிடம் திட்டு வாங்குகிறவன். ஒரு தடவை ரிங்லெட்டில் பஸ் வரக் காணோம் என்று உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்தேன். பாதி வழியில் அந்த பஸ்ஸே வந்து நம் இரண்டு பேர் மேலும் சேற்றை அடித்துவிட்டுப் போனது. நீ கைதட்டிச் சிரித்தாய், உன் அம்மா சிரிக்கவில்லை.

ஒரு மழை நாளில், காலை வேளையில், இலை பாதி இறங்கியிருந்தபோது கரண்டு போய்விட்டது. ரோலர் நின்றது, சல்லடை நின்றது. பாதி மேடையில் இலை, மீதிப் பாதி காலி. வரும் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. சும்மா நிற்கப் பொறுக்காமல், இருக்கிற இலைக்குக் கணக்குப் போட்டு, பத்து இருபது என்று எழுதி அந்தோணி பக்கம் இருக்கும் முனையில் ஓர் அட்டையை மாட்டினேன். பிறகு கரண்டு வந்தது. மீதி இலையும் இறங்கியது. கலந்து பரப்பியபோது கணக்கு மாறிவிட்டது. பதினொன்று ஐந்து என்று புதிதாக இன்னோர் அட்டை எழுதி, நான் நின்ற முனையிலேயே மாட்டிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் மேடை காலி. அந்தோணி பத்து இருபதுக்கே எல்லாவற்றையும் அள்ளிவிட்டான்.

அந்த ஈட்டைத் தோட்டத்துத் துரை ருசி பார்த்துவிட்டுத் துப்பினார். எங்கள் இரண்டு பேரையும் ஆபீஸ் கிராணி இழுத்துக்கொண்டு போய் நிறுத்தினார். அந்தோணி, "பத்து இருபதுன்னு எழுதியிருந்துச்சு தொர," என்றான். கம்பியில் தொங்கியது பதினொன்று ஐந்து. வாளியில் கிடந்த அட்டைகளில் ஓர் எழுத்தும் இல்லை. என்னைக் கேட்டார்கள். "நான் பதினொண்ணு அஞ்சுதான் எழுதுனேன் தொர. இவன் சரியாப் பாக்கல," என்றேன். நான் பொய் சொல்லவில்லை அம்மா, இதை நீ நம்ப வேண்டும். புது அட்டை மாட்டினேன் என்றால் பழையதைக் கழற்றியிருப்பேன் என்றுதான் என் மனசில் இருந்தது. கழற்றுகிற மாதிரி ஒரு படம்கூட எனக்குள் ஓடியது. அந்தப் படம் நிஜமாக நடந்ததா, நானே பிறகு வரைந்துகொண்டதா என்று அப்போது கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

அதற்கு முந்தின மாதம்தான் அடுப்பு அதிகமாகி ஓர் ஈடு கருகியிருந்தது. அதுவும் இதுவும் சேர்ந்து அந்தோணியைப் பேக்டரியிலிருந்து மாற்றித் தேயிலைக் காட்டில் வேலைக்குப் போட்டார்கள். அவன் சண்டை போடவில்லை. என்னிடம் வந்து, "என் கண்ணுதான் சரியில்ல போலண்ணே. பதினொண்ண பத்துன்னு பாத்திருக்கேன்," என்றான். நானும் பெரிய மனுஷன் மாதிரி, "தாப்பாவுல டாக்டர்கிட்ட காட்டுடா," என்று சொல்லி அனுப்பினேன். ஒரு மாதத்தில் வீட்டைக் கொடுத்துவிட்டுத் திரிங்காப் காய்கறித் தோட்டத்துக்குப் போய்விட்டார்கள். சாமான் ஏற்றிய லோரிக்குப் பின்னால் நீ அழுதுகொண்டே ஓடினாய். நான் உள்ளே உட்கார்ந்து சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். ஒரு சப்பாத்தை எத்தனை நேரம் கட்டினேன் என்று உன் அம்மா இன்றைக்கும் கேட்பாள்.

இனி உன் கம்ப்யூட்டர். உனக்குப் பதினேழு வயதில், புதிதாக மாற்றலாகி வந்த கணக்கு வாத்தியார், டிவியோடு மாட்டுகிற ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தார். நீ பள்ளிக்கூடம் விட்டதும் அங்கேயே கிடந்தாய். இரண்டு பேர் ஆடும் ஓர் ஆட்டம் எழுதினாய். ஆளுக்கு ஒரு கூடை, ஹாரன் அடிப்பதற்குள் யார் அதிகம் கொழுந்து பறிக்கிறார்கள் என்று பார்ப்பது. ஆட்டத்தைவிட அதன் தொடக்கத்தைப் பற்றித்தான் நீ அதிகம் பேசினாய். பட்டனை அமுக்கியதும் ஆட்டம் ஆரம்பித்துவிடாதாம். இருபது வினாடி ஒன்றும் நடக்காதாம். அதற்குப் பிறகு பத்து, ஒன்பது, எட்டு என்று டிவியில் எண் இறங்குமாம். பூஜ்யம் வந்தால்தான் ஆட்டமாம். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எதுக்கு இருபது செகண்டு சும்மா இருக்கணும்? நேரா பத்துலேர்ந்து எண்ணுனா என்ன?" என்று கேட்டேன். "ரெண்டு பேரும் வந்து உக்காரணும்லப்பா. ஒருத்தர் வந்துட்டாருன்னு உடனே எண்ண ஆரம்பிச்சா இன்னொருத்தர் பாவம் இல்லயா?" என்றாய். அப்போதும் விளங்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

பள்ளிக்கூடத்தில் பெற்றோர் தினம் வந்தது. மண்டபம் நிறைய ஜனம். உன் ஆட்டத்தை முதலில் ஆட வாத்தியார் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார், எதிரே ஓர் அண்டை வீட்டுக்காரர். பட்டனை அமுக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. நீ சொன்ன இருபது வினாடி எனக்கு எங்கே நினைவு இருந்தது? ஊரே பார்க்கிறது, டிவி சும்மா இருக்கிறது. மறுபடி அமுக்கினேன். அப்புறமும் அமுக்கினேன். மொத்தம் ஐந்து தடவை. நீ டிவியையே பார்த்துக்கொண்டிருந்ததால் உனக்கு இன்றுவரை இது தெரியாது, எங்கள் இரண்டு பேரில் யாரோ இரண்டு தடவை அமுக்கிவிட்டார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறாய். அமுக்கியது உன் அப்பன்தான். அதற்குப் பிறகு நடந்தது உனக்கே தெரியும். பத்து வந்தது, ஒன்பது வந்தது, மறுபடி பத்து வந்தது, எட்டு, ஒன்பது, பத்து என்று எண்கள் பைத்தியம் பிடித்து ஓடின. ஆட்டம் ஆரம்பித்து நாங்கள் நாலு கொழுந்து பறிப்பதற்குள் இன்னொரு பூஜ்யம் வந்து கூடையைக் காலி செய்தது. பிறகு இன்னொரு பூஜ்யம். மண்டபமே சிரித்தது. ஒருவர் எழுந்து வந்து டிவியை அணைத்தார். நீ மேடை ஓரத்தில் நின்று, "என் தப்புதான் சார், நான்தான் சரியா எழுதல," என்றாய். நான் பட்டன்மேல் விரலை வைத்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ அடுப்படியில் எனக்கு விளக்கம் சொன்னாய். நான் கேட்கவில்லை, உனக்கே யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது. துணி காயப்போடும் கயிற்றில் ஒரு கிளிப்பை மாட்டினாய். "இது மொத தடவ அமுக்குனப்ப கெளம்புன எண்ணிக்கைப்பா. இருபது செகண்டு கழிச்சு இது எண்ண ஆரம்பிக்கும்." தள்ளி இன்னொரு கிளிப்பை மாட்டினாய். "ரெண்டாவது தடவ அமுக்குனா இது கெளம்புது. புதுச மாட்டிட்டேன். ஆனா பழசக் கழட்டுன்னு நான் எழுதவே இல்ல. புதுசு வந்தா பழசு தானா போயிரும்னு நெனச்சிட்டேன். அது எங்க போகும்? அதுபாட்டுக்குத் தொங்கிக்கிட்டு, அதோட நேரம் வந்ததும் அதோட வேலையச் செஞ்சிருச்சு." பிறகு சிரித்தபடி, "ஒரே ஒரு வரிதான்பா. மொதல்ல பழசக் கழட்டு, அப்புறம் புதுச மாட்டு," என்று சொல்லிவிட்டு ஓடிப்போனாய்.

நான் அந்தக் கயிற்றையும் இரண்டு கிளிப்பையும் பார்த்துக்கொண்டே நின்றேன். அடுப்பில் ரசம் பொங்கி வழிந்தது, உன் அம்மா கத்தினாள், எனக்குக் காதில் விழவில்லை. இந்த முனையில் ஒன்று, அந்த முனையில் ஒன்று. அந்தோணிக்குத் தெரியும்படி ஒன்று, எனக்குத் தெரியும்படி ஒன்று. அவன் தன் முனையில் இருந்த பத்து இருபதைச் சரியாகப் படித்து, சரியான நேரத்துக்கு அள்ளி, வழக்கம்போல அட்டையைக் கழற்றி வாளியில் போட்டிருக்கிறான். மிச்சம் தொங்கியது என்னுடையது மட்டும். பதினோரு வருடமாக எனக்குத் தோன்றாதது, கம்ப்யூட்டரைப் பற்றி ஒன்றுமே விளங்காத எனக்கு, இரண்டு துணிக் கிளிப்பில் விளங்கிவிட்டது. விளங்கியதா, நானே கற்பனை செய்கிறேனா என்று குழம்பினேன். பேக்டரிக்குப் போய் அந்தக் கம்பிக்குக் கீழே இந்த முனையிலும் அந்த முனையிலும் நின்று நின்று பார்த்தேன். என் முனையிலிருந்து பார்த்தால் அந்த முனை அட்டை தூணுக்குப் பின்னால் மறைகிறது. அங்கே வேலை செய்த இத்தனை வருடத்தில் அதைக்கூட நான் கவனித்ததில்லை.

அன்றைக்கே திரிங்காப் போயிருக்க வேண்டும். போகவில்லை. அடுத்த வாரம் என்றேன், பொங்கல் கழியட்டும் என்றேன். அவன் இப்போது நன்றாக இருப்பான், பழசைக் கிளறி என்ன ஆகப்போகிறது என்றேன். சோற்று மூடியைத் திறக்காமல் இருக்க முடியாத மனுஷன், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஐந்து வருடம் சும்மா இருந்தேன். இருபது வினாடி பொறுக்காத எனக்கு இத்தனை பொறுமை எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். பொறுமை இல்லை அம்மா, பயம். நீ பத்திரிகையில் அவன் பெயரை முதலில் எழுதியபோது எனக்கு வந்ததும் அதே பயம்தான். அதைத்தான் தூரம் என்றேன், மதம் என்றேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. வெற்றிலை பாக்கு பழம், உன் பத்திரிகை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு திரிங்காப் போனேன். உன் அம்மாவை வர வேண்டாம் என்றேன், அவள் முன்னால் அழுதுவிடுவேன் என்று. அவர்கள் சர்ச் முடிந்து வந்து தோட்டத்தில் கோஸ் மூட்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். காய்கறி ஏற்ற லோரி வரும் நேரம். அந்தோணிக்குத் தலை பாதி நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும், "அண்ணே! வாங்க வாங்க, எத்தன வருசம் லா!" என்று கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தான். நான் சீக்கிரம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவன், "ஒரே நிமிசம்ணே," என்று ஒரு கூடையைத் தராசில் தூக்கி வைத்துவிட்டு, முள் தன் கண் முன்னால் நிற்கும்போதே திரும்பி, "ஆரோக்கியம், வந்து நம்பரப் பாரு," என்று கூப்பிட்டான். அவள் அந்தக் கோடியிலிருந்து கையில் மண்ணோடு வந்து பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாள். அடுத்த கூடைக்கும் கூப்பிட்டான். அவள்தான் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "கண்ணுல ஒண்ணுமே இல்லன்னு டாக்டரே சொல்லிட்டாருண்ணே. இவருதான் நம்ப மாட்டேங்கிறாரு. அன்னிலேர்ந்து ஒரு நம்பர் படிக்க மாட்டாரு."

அங்கே கிடந்த ஒரு கூடையைக் கவிழ்த்து உட்கார்ந்தேன். "அந்தோணி, கரண்டு போன அன்னிக்கு ரெண்டு அட்டை தொங்குச்சுடா," என்றேன். அவனுக்கு முதலில் புரியவில்லை. "பத்து இருபதுன்னு ஒண்ணு நான் எழுதுனேன். அப்புறம் பதினொண்ணு அஞ்சு எழுதுனேன். மொதல் அட்டைய நான் கழட்டவே இல்ல," என்றேன். அவன் தராசிலிருந்த கூடையை இறக்கி வைத்தான். எனக்கு வாய்வரை வார்த்தை வந்தது. வேண்டும் என்று செய்யவில்லை, எனக்கும் அப்போது தெரியாது, மன்னித்துவிடு, எல்லாமே வரிசையாக வந்து நின்றன. பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்றையும் சொல்லாமல் இருந்தேன். என் ஆயுளில் முதல் தடவையாக மறுபடி அமுக்காமல் இருந்தேன்.

"அப்ப நான் சரியாத்தான் பாத்தேனா?" என்றான்.

"சரியாத்தான் பாத்த."

"பத்து இருபதுதானா?"

"பத்து இருபதுதான்டா."

"சரியாத்தான் பாத்திருக்கேன்," என்றான். இந்தத் தடவை என்னைக் கேட்கவில்லை. ஆரோக்கியம்தான் கேட்டாள், எப்போது உங்களுக்குத் தெரியும் என்று. ஐந்து வருடம் ஆகிறது என்றேன். "பஸ்ஸு ஏறுனா வந்திரலாமேண்ணே," என்றாள். கத்தவில்லை, திட்டவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் முந்தானையை உதறிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள். தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்கவில்லை. உன் சித்தி வீட்டுக்கு வந்தவர்களை அப்படி அனுப்பி நீ பார்த்திருக்க மாட்டாய், அந்த மரியாதை எனக்குக் கிடைத்தது.

அந்தோணி இன்னொரு கூடையைத் தூக்கித் தராசில் வைத்தான். குனிந்து முள்ளைப் பார்த்தான். நிமிர்ந்தான், மறுபடி குனிந்தான். "முப்பத்தெட்டு," என்றான். பிறகு, "ஆரோக்கியம், முப்பத்தெட்டான்னு ஒரு தடவ வந்து பாரு," என்றான். அவள் வந்து பார்த்தாள். "முப்பத்தெட்டுதான்," என்று சொல்லிவிட்டு அங்கேயே திரும்பி நின்று அழுதாள். அடுத்த கூடையை வைத்தான். "நாப்பத்தொண்ணு," என்றான். இந்தத் தடவை யாரையும் கூப்பிடவில்லை. அதற்கு அடுத்ததையும் அவனே படித்தான். நான் பத்திரிகையை நீட்டினேன். வெற்றிலை பாக்கை அவன் தொடவில்லை, பத்திரிகையை மட்டும் வாங்கினான். உன் பெயர்மேல் விரலை வைத்தான். பிறகு தேதியைப் படித்தான், முகூர்த்தத்தைப் படித்தான். "ஒம்போதுலேர்ந்து பத்தரை," என்று சத்தமாகச் சொன்னான். வருவாயா என்று நான் கேட்டுவிட்டேன், என் புத்தி எங்கே போகும். "லோரி வந்திரும்ணே," என்றான். அவ்வளவுதான். நான் கிளம்பிவிட்டேன். பஸ் நிற்கும் இடத்தில் எத்தனை நேரம் நின்றேன் என்று தெரியாது, நடக்க ஆரம்பிக்கவில்லை.

உனக்குக் கல்யாணத்துக்கு முன்னால் நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்று அம்மா சொன்னாள். எனக்கு என்ன யோக்யதை இருக்கிறது? இருந்தாலும் தெரிந்ததைச் சொல்கிறேன். மாப்பிள்ளை பேசாமல் இருந்தால், உன் வார்த்தை அவர் காதில் விழவில்லை என்று நினைத்து அடுத்ததைப் போடாதே. சில பேருக்கு உள்ளே இருபது வினாடி ஓடும். புது முடிவு எடுக்கும்போது பழையதைக் கழற்றிவிட்டாயா என்று போய்க் கையால் தொட்டுப் பார், மனசில் ஓடும் படத்தை நம்பாதே. தப்பு செய்தால் அன்றைக்கே பஸ் ஏறு. இதெல்லாம் சரியான அறிவுரைதானா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. முதலில் பொறு என்கிறேன், பிறகு உடனே போ என்கிறேன். எதற்குப் பொறுப்பது, எதற்கு ஓடுவது என்று இந்த வயதிலும் நான் மாற்றி மாற்றித்தான் செய்கிறேன். உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், பதினேழு வயதிலேயே ஒரே வரியில் எழுதினாயே. அத்தனை ஜனத்துக்கு முன்னால் "என் தப்புதான்" என்று சொன்னவளும் நீதான். அன்றைக்கு உன்னைப் பார்த்து எனக்கு அவமானமாக இருக்கவில்லை அம்மா. என்னைப் பார்த்துத்தான் இருந்தது.

அந்தோணி வருவானா என்று எனக்குத் தெரியாது. வந்தால், என்னைக் கூப்பிடாதே. நீயே அவனை முன்னால் உட்காரவைக்கச் சொல். வராவிட்டால் அவன்மேல் வருத்தப்படாதே, என்மேல் படு. ஒன்று மட்டும் கேட்கிறேன். கல்யாணத்தன்று ஐயர் அவசரப்படுவார், மேளக்காரர்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள், நான் எப்போது தலையாட்டுவேன் என்று. பத்தரை வரை நேரம் இருக்கிறது, ஐயரிடம் இரண்டு தடவை கேட்டு வைத்திருக்கிறேன். தாலி எடுத்துக் கொடுப்பதற்கு முன், வெட்கப்படாமல் தலையை நிமிர்த்தி, வாசலை ஒரு தடவை நன்றாகப் பார். இன்னும் வந்து உட்கார வேண்டியவர் யாராவது இருந்தால் வந்து உட்காரட்டும். நீ தலையாட்டிய பிறகுதான் நான் ஆட்டுவேன். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு, எதையும் தொடாமல், சும்மா நிற்பேன்.

அப்பா